பாதாள ஆற்றுக்கு ஒரு டிக்கெட்

பயணக் குழுவோடு சமைக்கப் போகிறவள் கண்ணை வீட்டில் வைத்துவிட்டுக் கையை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர், ஷார்ஜாவில் கேட்டரிங் வைத்திருந்த ஜோதி அக்கா. கொரோனா அடங்கி விமானமெல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்த வருஷம், எனக்கு விசா வந்த அன்று, ஒரு பெருங்காய டப்பாவை என் கையில் திணித்துக்கொண்டே சொன்னார். நான் சிரித்துவிட்டேன். பிரான்ஸ் போகப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் இருக்கிறவளுக்கு அதெல்லாம் எங்கே உறைக்கும்?

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது துபாய் அல் குசைஸில். வீட்டுக்காரர் ஒரு குடோனில் சூப்பர்வைசர். மகள் திருச்சியில், மகன் பெங்களூரில், இரண்டு பேருக்கும் கல்யாணமாகிவிட்டது. எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. பக்கத்துக் கட்டடத்துப் பேச்சிலர்களுக்கு மெஸ் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்படி என் கையில் சாப்பிட்டவன்தான் சிவா. இப்போது டூர் மேனேஜர். பெருநாள் லீவு விட்டால் துபாய், அபுதாபித் தமிழ்க் குடும்பங்களை ஒரு பஸ் நிறைய ஏற்றிக்கொண்டு பிரான்ஸின் கிராமப்புறத்தைச் சுற்றிக் காட்டுவான். பாரிஸை இவர்கள் எல்லாரும் எப்போதோ பார்த்துவிட்டார்கள். இப்போது கோட்டை, குகை, மலைமேல் கோயில், அக்ரூட் தோப்பு என்று கேட்கிறார்கள். அந்தப் பட்டிக்காட்டில் சாம்பாருக்கு எங்கே போவது? அதனால் பஸ்ஸின் அடியில் குக்கரும், பஸ்ஸின் கடைசி சீட்டில் நானும்.

விடிவதற்கு முன் எழுந்து, தங்கியிருக்கும் பண்ணை வீட்டு அடுப்பில் காலை டிபனும் மதியச் சாப்பாடும் முடித்து, ஹாட்பாக்ஸில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றி நானும் ஏறிக்கொள்வேன். அவர்கள் உள்ளே போய்க் கோட்டையைப் பார்ப்பார்கள். நான் வாசலில் மரத்தடி பெஞ்சில் காகித இலை போட்டு வைப்பேன். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவ, நான் பாத்திரம் கழுவ, பஸ் கிளம்பிவிடும். பந்தியில் கடைசியாக உட்காருகிறவர்களே, கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் வந்தவர்களே, உங்களுக்கு இதைவிட விளக்கம் வேண்டாம். பிரான்ஸுக்கு நான் ஒன்றுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். பார்த்ததெல்லாம் வாசல்கள்.

மற்றதெல்லாம்கூடப் போகட்டும். அங்கே ஒரு பாதாள ஆறு உண்டு. பூமியில் கிணறு மாதிரி ஒரு பெரிய பள்ளம், அதற்குள் இறங்கினால் ஆறு, ஆற்றில் படகு. பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவர் கோயில் பிரகாரம் மாதிரி என்பார், ஒருவர் பெரிய ஃபிரிட்ஜுக்குள் போன மாதிரி என்பார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதை மட்டும் ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. இந்த வருஷம் நாலாவது பயணம். வீட்டுக்காரருக்கு ஆகஸ்டில் வேலை முடிகிறது, விசா கேன்சல், ஊருக்குப் போகிறோம். இதைவிட்டால் எனக்குப் பிரான்ஸும் இல்லை, பாதாளமும் இல்லை. என் அஞ்சறைப்பெட்டி மூடிக்குள் ஒரு முருகன் ஒட்டியிருக்கிறார். அவரிடம் சொல்லிவைத்தேன். சிவாவிடமும் சொல்லிவைத்தேன். "இந்தத் தடவை உங்களுக்கும் டிக்கெட் போட்டாச்சும்மா, கலாஸ், பேச்சு முடிஞ்சுது" என்றான் சிவா. முருகன் ஒன்றும் சொல்லவில்லை.

நாய் ஒதுங்கிய பெட்டி

பிரான்ஸில் இறங்கி வெளியே வருகிற இடத்தில் ஒரு நாயோடு ஒரு அதிகாரி நின்றிருந்தார். வரிசையாகப் பெட்டிகளை முகர்ந்துகொண்டு வந்த நாய், என் பெட்டியிடம் வந்ததும் நின்றது. ஒரு தும்மல் போட்டது. பிறகு போய் அதிகாரியின் காலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. அவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சாம்பார் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கட்டிப் பெருங்காயம் என்று ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து மேஜையில் அடுக்கினார். நான் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டு நின்றேன். சிவா கையையும் காலையும் ஆட்டி இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் வரிசையில் எனக்கு அடுத்து நின்றவர் சென்னியப்பன் சார். கோயம்புத்தூர்ப் பக்கம். அபுதாபிக்கு அப்பால் ருவைஸில், கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஷிஃப்ட் இன்ஜினியர். மனைவி மரகதம் அம்மாவோடு வந்திருந்தார். இந்தப் பயணத்தில்தான் எனக்கு அறிமுகம். அதிகாரி இட்லிப் பொடிப் பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆராய்ந்துகொண்டிருக்கும்போது, என்னை ஜெயிலில் போடுவார்களோ என்று நான் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, இவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க அம்மிணி, எள்ளு கொஞ்சம் கம்மியாத் தெரியுதுங்களே."

ராஜா வீடு

முதல் கோட்டைக்கே சிவா எனக்கும் டிக்கெட் எடுத்திருந்தான். லுவார் ஆற்றுப் பக்கம், படத்தில் வருகிற மாதிரி கூர் கூராகக் கோபுரம் வைத்த கோட்டை. புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டார். மரத்தடி பெஞ்சோ வெகுதூரம் தள்ளி. ஹாட்பாக்ஸை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் எங்கள் குழுவை உள்ளே அழைத்துப்போய் விட்டார்கள். சரி, பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினால், எதிரே மரகதம் அம்மா வெளியே வந்துகொண்டிருக்கிறார்.

அதற்குள்ளா பார்த்துவிட்டீர்கள் என்று கேட்டேன். உள்ளே கட்டில் இருக்கிறது, உட்காரக் கூடாது. நாற்காலி இருக்கிறது, கயிறு கட்டியிருக்கிறார்கள். சுவரில் இருக்கிறவர்கள் எல்லாரும் முறைக்கிறார்கள். அந்த அம்மாவின் கோட்டை இவ்வளவுதான். மாடியேறி வந்ததில் வியர்த்துப்போய்த் துண்டால் முகத்தை விசிறிக்கொண்டார். தாகம் என்றார், மோர் கொடுத்தேன். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் வர, பந்தி ஆரம்பமாகிவிட்டது. என் டிக்கெட்டை மடித்து அஞ்சறைப்பெட்டியில் கடுகுக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தேன். மரகதம் அம்மா மோரைக் குடித்து முடித்து, கோட்டையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இத்தனை ரூம் கட்டினவங்க ஒரு ஏசி பாயிண்டு வெக்கலை பாருங்க."

மழையில் ஒரு ஆள் கணக்கு

பிறகு தெற்கே வந்து ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். கருங்கல் வீடு, முற்றத்தில் பெரிய அக்ரூட் மரம். வீட்டுக்கார அம்மாளை எல்லாரும் மதாம் என்று கூப்பிட்டோம். நல்ல மனுஷி. அவர் அடுப்பை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, குழந்தையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டவள் மாதிரி வாசற்படியிலேயே நின்றுகொண்டிருப்பார். விளக்கேற்றினால் புகை அலாரம் அடிக்கும் என்று சிவா சொல்லியிருந்ததால் நான் விளக்கில்லாமலே கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குவேன்.

அன்றைக்குக் காலையில் எண்ணெய் காய்ந்ததும் கட்டிப் பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டேன். ஜோதி அக்கா கொடுத்த சரக்கு, அசல். அவ்வளவுதான். மதாம் மூக்கைத் தூக்கினார். முகம் வெளுத்தது. பாய்ந்து வந்து அடுப்பை அணைத்தார், குழாயைத் திருகி மூடினார், ஜன்னலையெல்லாம் திறந்தார், கேஸ் கேஸ் என்று கத்திக்கொண்டே மாடிக்கு ஓடினார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் போர்வையோடு இறங்கி வந்தார்கள். வெளியே மழை.

நான் கரண்டியோடு முற்றத்துக்கு வந்து நின்றேன். ஆனால் சென்னியப்பன் சாரைப் பார்க்க வேண்டுமே. லுங்கியோடு வந்தவர் ஒரே நொடியில் ருவைஸ் ஆளாகிவிட்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கையைத் தூக்கிப் பார்த்தார். அக்ரூட் மரம்தான் அசெம்பிளி பாயிண்ட் என்று அறிவித்தார். யாரும் ஓடக்கூடாது, யாரும் செல்போனைத் தொடக்கூடாது. எல்லாரையும் மரத்தடியில் வரிசையாக நிற்கவைத்துத் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒரு ஆள் குறைந்தது. திரும்ப எண்ணினார். அப்போதும் ஒரு ஆள் குறைந்தது. மரகதம் அம்மா நனைந்துகொண்டே, "உங்களையும் சேத்து எண்ணுங்க" என்றார்.

சிவப்பு வண்டியில் ஊர்த் தீயணைப்புக்காரர்கள் வந்துவிட்டார்கள். உள்ளே போய்க் கருவியெல்லாம் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கடைசியில் நான்தான் பெருங்காய டப்பாவைக் கொண்டுபோய்த் தலைவரிடம் நீட்டினேன். அவர் முகர்ந்தார், மூடியைப் போட்டார், மதாமிடம் என்னமோ சொன்னார். மதாம் முந்தானை மாதிரி இருந்த துணியில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு டிபன் முடித்து எல்லாரும் கிளம்பவே மதியம் ஆகிவிட்டது. அன்று போக வேண்டிய தோட்டக் கோட்டையை சிவா பட்டியலிலிருந்து அடித்துவிட்டான். எனக்கு வாசல்கூடக் கிடைக்கவில்லை. சாப்பிட்டு எழுந்த சென்னியப்பன் சார் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "டிரில் நல்லா நடந்துச்சுங்க அம்மிணி. சாம்பார்ல பெருங்காயம்தான் கொஞ்சம் கம்மி."

சீட் பெல்ட் போட்ட தயிர்

தமிழனை எந்தக் கோட்டைக்கு வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம், கடைசியில் தயிர்ச்சோறு போட்டாக வேண்டும். அந்தக் கருங்கல் வீட்டுக் குளிருக்கு என் தயிர் உறையவில்லை. ராத்திரி ஊற்றினது காலையில் பாலாகவே இருக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் அந்த ஊரில் ஒரு கடை கிடையாது, மறுநாளும் பாதிக் கடை திறக்காது. மரகதம் அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. ருவைஸில் கொத்தமல்லி ஒரு கட்டு வேண்டும் என்று குரோசரிக்குப் போன் போட்டால் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அந்தப் பழக்கத்தில், "மதாமைக் கேட்டு ஒரு குரோசரி நம்பர் வாங்குங்க, நான் பேசுறேன்" என்று பிடிவாதமாக நின்றார். சிவா, "இங்க குரோசரியும் மாஃபி, டெலிவரியும் மாஃபி" என்று கையை விரித்தான்.

எனக்கு ஒரு யோசனை. பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கண்ணாடி வழியாக நல்ல வெயில் விழும். பால் பாத்திரத்தைத் துணியால் சுற்றி, அதன்மேல் என் சால்வையைச் சுற்றி, அந்த சீட்டில் வைத்து, சரியாமலிருக்க சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டேன். எங்கள் டிரைவர் பெயர் மிஷேல். இங்கிலீஷ் தெரியாது, எனக்கு பிரெஞ்சு தெரியாது, அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. நான் எது போட்டாலும் ரொட்டியில் வைத்துச் சாப்பிடுகிற ஒரே மனுஷர். அவர் வந்து ஏறினார், பக்கத்து சீட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு வளைவுக்கு வளைவு வண்டியை அப்படி மெதுவாக ஓட்டினார். ஹாரன் அடிக்கவில்லை. ரேடியோ போடவில்லை. வெகுதூரம் போன பிறகு சிவாவைக் கூப்பிட்டு, அவனுடைய அரைகுறை பிரெஞ்சுக்குப் புரிகிற மாதிரி, ரகசியமாக ஏதோ கேட்டார். சிவா சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசி சீட்டுக்கு வந்தான். "அம்மா, குழந்தை எப்போ முழிக்கும், பால் சூடு பண்ண எங்கயாவது நிறுத்தணுமான்னு கேக்குறாரு."

படிக்குக் கீழே

ஒரு ஊர் முழுக்கப் பாறையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு கோயில், மாதா கோயில். பழைய காலத்தில் பக்தர்கள் முட்டிபோட்டே படியேறுவார்களாம். உள்ளே இருக்கிற மாதா கறுப்பு நிறம் என்று சிவா சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நம்ம கறுப்பு, நம்ம அம்மன் மாதிரி. போய் ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் கீழேதான் பெஞ்சு, கீழேதான் குழாய், கீழேதான் ஹாட்பாக்ஸ். எல்லாரும் ஏறிப் போனார்கள். முட்டிவலி என்று சென்னியப்பன் சார் மட்டும் கீழேயே தங்கிவிட்டார்.

நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, வடையில் மிளகு கொஞ்சம் கம்மி என்றார். சரிங்க சார் என்றேன்.

"நீங்க எத்தனை தடவை வந்திருக்கீங்க, இந்த ஊருக்கு?"

"இது நாலாவது தடவை சார்."

"அப்ப மேல போயிருப்பீங்க."

"இல்லீங்க."

"அந்தக் கோட்டை?"

"வாசல் வரைக்கும் சார்."

வடையைக் கடித்தவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். அப்புறம் நீங்கள் என்னதான் பார்த்தீர்கள் என்று கேட்டார். பாதாள ஆறு ஒன்றைத்தான் பார்க்க ஆசை, ஆகஸ்டோடு ஊருக்குப் போகிறோம், இதுதான் கடைசி என்று சொன்னேன். மகள் படம் கேட்பாளே, அதற்கு என்ன செய்வீர்கள் என்றார். வந்தவங்க வாட்ஸப்பில் போடுவாங்க, அதையே அவளுக்கு அனுப்பிவிடுவேன் என்றேன். அவர் பாறையை அண்ணாந்து பார்த்தார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மேலே இருக்கிற அந்தத் தாய்க்கு இங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் மீதி வடையை இலையில் வைத்தார். "பழனிக்கு வந்து அடிவாரத்துல இட்லி வித்துட்டுப் போற மாதிரி இருக்குதுங்க உங்க பொழப்பு."

சேஃப்டி வால்வு

கடைசி நாள், பாதாள ஆறு. காலையிலேயே குளித்து, வீட்டுக்காரரின் ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். எங்கள் நேரம் மதியம்தான், ஆனால் நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். இடத்தை நெருங்கும்போது ஒரு திருப்பத்தில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. மிஷேல் பிரேக் போட்டார். ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் சாம்பார் ஹாட்பாக்ஸும் சோற்று ஹாட்பாக்ஸும் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு, மூடி திறந்து, பெட்டிகள் வைக்கிற இடம் முழுக்க ஒரு சாம்பார் சாதம்.

இறங்கிப் பார்த்த எல்லாரும் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கான இடம் இருந்தது, அங்கே பொது அடுப்பு உண்டு, சிவா போய்ப் பேசி வாங்கிவிட்டான். அரிசி பருப்பெல்லாம் இருக்கிறது. ஆனால் நாங்கள் மேலே ஏறி வரும்போது சாப்பாடு தயாராக இருந்தால்தான், ஒரு டிரைவர் ஒரு நாளில் இவ்வளவுதான் ஓட்டலாம் என்று சட்டம் விட்டிருக்கிற நேரத்துக்குள் மிஷேல் எங்களை விமான நிலையத்தில் சேர்க்க முடியும். யாரோ ஒருவர் இருந்து சமைக்க வேண்டும். அது யார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? நான் குல்லாவைக் கழற்றினேன். டிக்கெட்டை சிவாவிடம் நீட்டினேன். அவன் வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அம்மிணி, நீங்க போங்க. நான் ஆக்குறேனுங்க."

சென்னியப்பன் சார். மரகதம் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "காப்பி டம்ளரை எடுத்துக் கழுவற தொட்டியில போடத் தெரியாது, இவரு ஆக்குறாராம்." அவர் சிரிக்கவில்லை. எப்படியும் என் முட்டிக்கு அவ்வளவு படி ஆகாது, நான் மேலேதான் உட்கார்ந்திருக்கப் போகிறேன், குக்கர் என்பது ஒரு சின்ன பாய்லர், பாய்லரைத்தான் என் ஆயுசு முழுக்க ஓட்டியிருக்கிறேன் என்றார். நான் பருப்பு இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு, மூன்று விசில் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். சிவா பள்ளத்து வாசலிலிருந்து யல்லா யல்லா, சீக்கிரம் வாங்க என்று கத்துகிறான். குல்லாவை மறுபடி மாட்டிக்கொண்டு போகிறபோதுதான் காதில் விழுந்தது, குக்கரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "விசிலுங்கறது சேஃப்டி வால்வுங்க. அது ஒரு தடவை அடிச்சாலே எங்க பிளான்ட்ல விசாரணை வெப்பாங்க."

பாதாளத்தில்

இறங்கினோம், இறங்கினோம், இறங்கிக்கொண்டே இருந்தோம். பாதி தூரத்துக்கு லிஃப்ட், மீதி படி. வெளியே அடித்த வெயிலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேலே அண்ணாந்தால் வானம் ஒரு தோசைக்கல் அளவுக்கு. கீழே போகப் போகக் குளிர். ஒரு சின்னப் படகில் ஏற்றினார்கள். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. படகுக்காரர் துடுப்பை எடுத்தால் ஒரு சத்தம், போட்டால் ஒரு சத்தம். வேறு சத்தமே இல்லை. பாறையிலிருந்து ஒரு சொட்டு விழுகிறது, அது விழுந்து முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கோயில் மாதிரியும் இல்லை, ஃபிரிட்ஜ் மாதிரியும் இல்லை. எது மாதிரி என்று எனக்கும் சொல்ல வரவில்லை. முதலில் கொஞ்ச நேரம் என் காது மேலேயே இருந்தது, விசில் கேட்கிறதா, தீய்ந்த வாசனை வருகிறதா என்று. பிறகு அதுவும் அடங்கிவிட்டது. என்னையறியாமல் கை கூப்பிவிட்டேன். முருகனுக்கா, அந்தப் பாறைமேல் தாய்க்கா, வேறு யாருக்கா என்று தெரியவில்லை. எதுவும் கேட்டு வேண்டிக்கொள்ளவும் இல்லை. பிள்ளைகள் பேரைச் சொல்லாமல் நான் கும்பிட்டது அன்றைக்குத்தான். பயந்துவிட்டேன் என்று நினைத்துப் படகுக்காரர் ஓகே மதாம், ஓகே மதாம் என்றார். ஓகே என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் மரகதம் அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெதுவாக என் கையைப் பிடித்தார். என் காதருகே குனிந்தார். "அம்மிணி, அவரு கேஸை ஆஃப் பண்ணியிருப்பாருங்களா?"

கரண்டி கை மாறியபோது

மேலே வந்தபோது பெஞ்சில் இலை போட்டிருந்தது. ஒவ்வொரு இலையும் ஓரம் பிசகாமல் ஒரே நேர்க்கோட்டில். மனைவியின் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு சென்னியப்பன் சார் நின்றிருந்தார். அடுப்பைச் சுற்றி நாலு நாற்காலியைப் போட்டு, யாரும் கிட்டே வரக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார். சாதம், பருப்புக் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல். நான் பயந்துகொண்டே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். பதம். குழம்பும் நன்றாகவே இருந்தது. எனக்கே கொஞ்சம் கவலையாகிவிட்டது.

ஆனால் பந்தி என்றால் பந்திதானே. ஒருவர் அப்பளம் இல்லையா சார் என்றார். ஒருவர் குழம்பு இன்னும் கொஞ்சம் தண்ணியா இருந்தா பிசையறதுக்கு நல்லா இருக்கும் என்றார். வறுவலைக் கடித்த இன்னொருவர் எங்க வீட்டில் இதை இன்னும் பொடிசாக நறுக்குவோம் என்றார். ரசம் கிடையாதா என்று ஒரு குரல். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. மிஷேல் மட்டும் ரொட்டியில் குழம்பை ஊற்றிக்கொண்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சென்னியப்பன் சார் அவருக்கு மட்டும் இரண்டாவது தடவை வறுவல் வைத்தார். என்னை இலையில் உட்காரவைத்து அவரே பரிமாறினார். நாலு பயணத்தில் நான் சூடாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். நல்லா இருக்குங்க சார் என்று மனசாரச் சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க அம்மிணி, சாப்பிட உக்கார்றவங்க எல்லாருமே இப்படித்தான் குத்தம் சொல்லுவாங்களா?" என்று கேட்டார். நான் இலையைப் பார்த்துப் பிசைந்துகொண்டிருந்தேன். மரகதம் அம்மா இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "எல்லாரும் சொல்ல மாட்டாங்க. எங்க வீட்டுல ஒருத்தரு சொல்லுவாரு."

பாதாளத்தில் நான் எடுத்த ஒரே படம் முழுக்க முழுக்கக் கறுப்பாக வந்திருந்தது. அதை மகளுக்கு அனுப்பினேன். ஒண்ணுமே தெரியலையேம்மா என்றாள். போன் போட்டுச் சொல்றேன், உக்கார்ந்து கேளு என்று எழுதிக்கொண்டிருந்தேன். குல்லாகூட இன்னும் தலையில்தான் இருந்தது. அதற்குள் பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

"சரோஜாம்மா, ராத்திரி பிளைட்டுக்கு என்ன டிபன்?"

ஆகையால், ஆக்கிப்போடுகிறவர்களோடு ஊர் சுற்றப் போகிற புண்ணியவான்களே, உங்கள் சமையல்காரி அபூர்வமாக எதையாவது பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தால், ராத்திரி டிபன் என்ன என்பதை அவள் குல்லாவைக் கழற்றின பிறகு கேளுங்கள்.